சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி: வட சென்னை வாசகர்களின் ஹார்மோன் கேள்விகள்

ஹார்மோன் பற்றி வட சென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் எட்டை எடுத்துக்கொண்டிருக்கிறோம். நாளமில்லாச் சுரப்பி மருத்துவரும் உயிர்வேதியியல் ஆசிரியரும் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை. மருந்தின் அளவை மாற்றுவது உங்களைப் பார்க்கும் மருத்துவரின் வேலை. அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று விளக்குவதுதான் எங்கள் வேலை.

ஹார்மோன் ரத்தத்தில்தானே கலக்கிறது? ரத்தம் உடம்பு முழுக்க ஓடுகிறது. அப்படியிருக்க, ஒவ்வொரு ஹார்மோனும் தன் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? பாடப்புத்தகத்தில் 'இலக்கு உறுப்பு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்.
— பிளஸ் டூ மாணவி, தண்டையார்பேட்டை

நல்ல கேள்வி, அம்மா. ஹார்மோன் எந்த இடத்தையும் தேடிப் போவதில்லை. ரத்தம் போகும் இடமெல்லாம் அதுவும் போகிறது. அதை அடையாளம் காணும் புரதம் எந்தச் செல்லில் இருக்கிறதோ அந்தச் செல் மட்டும் அசைந்து கொடுக்கிறது. அந்தப் புரதத்துக்கு ஏற்பி என்று பெயர். ஏற்பியில் ஒரு குழிவு இருக்கும். அதன் வடிவமும், அங்குள்ள மின்னூட்டங்களும், நீரை ஒதுக்கும் பரப்புகளும் ஒரு குறிப்பிட்ட மூலக்கூறுக்கு மட்டுமே பொருந்தும். ஹார்மோன் உட்கார்ந்ததும் ஏற்பியின் உருவம் சற்று மாறும். அந்தச் சின்ன அசைவுதான் செல்லுக்குச் செய்தி.

அளவைப் பாருங்கள், ஆச்சரியமாக இருக்கும். காலையில் வெறும் வயிற்றில் உங்கள் ரத்தத்தில் ஒரு இன்சுலின் மூலக்கூறு இருந்தால், அதைச் சுற்றிச் சுமார் பத்துக் கோடி குளுக்கோஸ் மூலக்கூறுகள் இருக்கும். இவ்வளவு குறைந்த அளவில் ஒரு பொருள் வேலை செய்ய வேண்டுமென்றால், பிடிக்கும் புரதம் மிக இறுக்கமாகப் பிடிக்க வேண்டும், செல்லுக்குள் போகும் செய்தி படிப்படியாகப் பெருக வேண்டும். அட்ரினலின் இதற்கு நல்ல உதாரணம். அது செல்லுக்குள் நுழைவதே இல்லை. வெளியே ஏற்பியில் உட்காருகிறது, உள்ளே சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சிறு மூலக்கூறு ஆயிரக்கணக்கில் உண்டாகிறது, அது நொதிகளை முடுக்கிவிடுகிறது. இந்த இரண்டாம் தூதரைக் கண்டுபிடித்த ஏர்ல் சதர்லாந்துக்கு 1971-ல் நோபல் பரிசு கிடைத்தது.

செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது. இன்சுலின், அட்ரினலின் போன்ற நீரில் கரையும் ஹார்மோன்கள் அதைத் தாண்ட முடியாமல் வாசலிலேயே நின்று செய்தி சொல்கின்றன. அதனால் அவற்றின் விளைவு நொடிகளில், நிமிடங்களில் தெரியும். கார்டிசால், ஈஸ்ட்ரோஜன் போன்ற ஸ்டீராய்டுகளும் தைராய்டு ஹார்மோனும் உள்ளே போய், டி.என்.ஏ.வின் மீது உட்காரும் ஏற்பிகளோடு சேர்ந்து, எந்த மரபணு படிக்கப்பட வேண்டும் என்பதையே மாற்றுகின்றன. புதுப் புரதம் உருவாகி வர மணிக்கணக்காகும், நாள்கணக்காகும். இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால், மாத்திரைச் சீட்டில் உள்ள பல விதிகளுக்குக் காரணம் விளங்கும்.

இன்னொன்று. ஒரே ஹார்மோன் இரண்டு இடத்தில் எதிரெதிர் வேலை செய்யும். அட்ரினலின் தோலின் ரத்தக் குழாயைச் சுருக்கும், தசைக்குப் போகும் குழாயை விரிக்கும். இரண்டு இடத்திலும் ஏற்பி வேறு. பயந்தவர் முகம் வெளிறுவதும், அதே நேரத்தில் கால்கள் ஓடத் தயாராவதும் இதனால்தான்.

அப்பாவுக்கு இன்சுலின் 20 யூனிட். ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்து தீர்ந்துபோய் மெடிக்கல் ஷாப்பில் ஊசி வாங்கினோம். அதே 20 கோடு வரைதான் ஏற்றுகிறோம், ஆனால் சர்க்கரை 300-க்குக் கீழே இறங்கவில்லை. வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. மீனுக்கு ஐஸ் போடும் பெட்டியில்தான் மருந்தை வைக்கிறோம்.
— மீன் வியாபாரம் செய்பவரின் மகன், காசிமேடு

உங்கள் கேள்விக்குள் இரண்டு தவறுகள் ஒளிந்திருக்கலாம். இரண்டும் எங்கும் நடப்பவை, இரண்டும் ஆபத்தானவை.

முதலில் ஊசியின் மூடியைப் பாருங்கள். நம் நாட்டில் இன்சுலின் இரண்டு அடர்த்தியில் வருகிறது. கண்ணாடிக் குப்பிகள் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜும் சில குப்பிகளும் மில்லிக்கு 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. குப்பியின் லேபிளில் எண் சிறிய எழுத்தில்தான் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் படியுங்கள்.

இனி கணக்கு. 40 யூனிட் குப்பி, சிவப்பு மூடி சிரிஞ்ச்: 20 கோடு என்பது அரை மில்லி, சரியாக 20 யூனிட். அதே குப்பியில் ஆரஞ்சு மூடி சிரிஞ்சைப் போட்டால் 20 கோடு என்பது 0.2 மில்லிதான், உள்ளே போவது 8 யூனிட். உங்கள் அப்பாவுக்கு நடப்பது இதுவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. தலைகீழாக நடந்தால் இன்னும் மோசம். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் போவது 50 யூனிட். அது உயிருக்கே ஆபத்து. பேனா கார்ட்ரிட்ஜில் சாதா சிரிஞ்சைக் குத்தி மருந்து எடுக்கவே கூடாது என்று சொல்வது இதனால்தான்.

இதில் ஒரு எச்சரிக்கை. ஊசி மாறியது தெரிந்து இன்று சரியான சிரிஞ்சுக்கு வந்தால், அப்பாவின் உடம்புக்குப் போகும் அளவு ஒரே நாளில் 8-லிருந்து 20-க்கு ஏறும். 20 அவருக்கு ஏற்கெனவே பழகிய அளவுதான் என்றாலும், இடையில் 'இறங்கவில்லையே' என்று யாராவது அளவைக் கூட்டியிருந்தால் தாழ்சர்க்கரை வரும். மருத்துவரிடம் குப்பி, சிரிஞ்ச் இரண்டையும் கையில் எடுத்துப் போய்க் காட்டிய பிறகு மாற்றுங்கள்.

அடுத்தது ஐஸ் பெட்டி. இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். 21 உள்ள ஒரு சங்கிலி, 30 உள்ள ஒரு சங்கிலி, இரண்டையும் இணைக்கும் கந்தகப் பாலங்கள். குப்பிக்குள் அது தனித்தனியாக மிதப்பதில்லை. ஆறு மூலக்கூறுகள் துத்தநாக அணுக்களைச் சுற்றிச் சேர்ந்து ஒரு கூட்டாக நிற்கும். உறைந்தால் இந்த அமைப்பு குலைந்து புரதம் திரிந்துவிடும். திரும்ப உருகினாலும் பழைய உருவத்துக்கு வராது. திரிந்த இன்சுலினை ஏற்பி அடையாளம் காணாது, ஊசி குத்திய வலிதான் மிச்சம். மீன் பெட்டியில் ஐஸ் மீது நேராக உட்கார்ந்த குப்பி, உப்பும் கலந்திருந்தால், உறைந்திருக்கலாம். சில சமயம் பார்வைக்கு எதுவும் தெரியாது. ஒருமுறை உறைந்ததாகச் சந்தேகம் வந்தாலே அதைத் தூக்கிப் போடுங்கள்.

திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், அதற்கு ஃப்ரிட்ஜ் உள்ள அக்கம்பக்கத்து வீடு உதவும். கதவுத் தட்டில் வைக்கச் சொல்லுங்கள், உறைபெட்டி அருகே வேண்டாம். பயன்படுத்தத் தொடங்கிய குப்பி, சூடு 25 அல்லது 30 டிகிரியைத் தாண்டாவிட்டால், பொதுவாக 28 நாள் தாங்கும், உங்கள் மருந்தின் தாளில் எவ்வளவு என்று பாருங்கள். அதற்கு மண்பானை போதும். பானையில் கால்பங்கு மணலும் தண்ணீரும், அதன் மேல் மூடியுள்ள சின்ன எவர்சில்வர் டப்பா, டப்பாவுக்குள் குப்பி. பானை ஆவியாதலால்தான் குளிர்கிறது. கடலோர ஈரக்காற்றில் ஆவியாதல் குறைவு என்பதால் காசிமேட்டுப் பானை, உள்நாட்டுப் பானை அளவுக்குக் குளிராது. அடுப்பிலிருந்தும் தகரக் கூரையிலிருந்தும் தள்ளி, தரையில், காற்று வரும் மூலையில் வையுங்கள். திறந்த தேதியை லேபிளில் பேனாவால் எழுதுங்கள்.

கலங்கலாக உள்ள 30/70 மருந்து (வேகமாகவும் மெதுவாகவும் வேலை செய்யும் இரண்டு இன்சுலின்களின் கலவை) என்றால் குலுக்கக் கூடாது. இரண்டு உள்ளங்கைக்கு நடுவே பத்து முறை உருட்டி, பத்து முறை தலைகீழாகக் கவிழ்த்து, முழுக்கப் பால்போல ஆனதும் எடுங்கள். அடியில் கட்டி தங்கினாலோ கண்ணாடியில் பனி படிந்ததுபோல் ஒட்டினாலோ அந்தக் குப்பி வேண்டாம்.

சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போடச் சொல்வதற்கும் அந்த ஆறு மூலக்கூறுக் கூட்டுதான் காரணம். தோலுக்கு அடியில் அது இரண்டாக, ஒன்றாகப் பிரிந்த பிறகே ரத்தத்துக்குள் போக முடியும். லிஸ்ப்ரோ என்ற வேக இன்சுலினில் சங்கிலியின் 28, 29-ஆம் இடங்களில் உள்ள இரண்டு அமினோ அமிலங்களை இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். கூட்டு சட்டென்று பிரிகிறது, சாப்பிட உட்காரும்போது போட்டாலே போதும். ஒரே இடத்தில் தினமும் குத்தினால் அங்கே கொழுப்புக் கட்டி விழும், மருந்து ஒரு நாள் ஒரு மாதிரி ஏறும். வயிற்றில் போட்டால் முந்தைய இடத்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளிப் போடுங்கள்.

இன்சுலின் சுரந்தும் உடம்பு கேட்பதில்லை, 'ரெசிஸ்டன்ஸ்' என்கிறார் டாக்டர். ஆனால் சாப்பிட்டதும் நடந்தால் சர்க்கரை குறைகிறது. கேட்காத உடம்பு நடந்தால் மட்டும் எப்படிக் கேட்கிறது?
— ரயில் பெட்டித் தொழிற்சாலை ஊழியர், பெரம்பூர்

ஏனென்றால் தசைக்குள் சர்க்கரை போக இரண்டு வழி இருக்கிறது. ஒன்றுதான் அடைத்திருக்கிறது.

தசைச் செல்லுக்குள் குளுக்கோஸை இழுத்துவிடும் புரதத்தின் பெயர் குளூட்-4. சாதாரண நேரத்தில் அது சவ்வில் இருப்பதில்லை, உள்ளே சிறு பைகளில் அடுக்கப்பட்டிருக்கும். இன்சுலின் வெளியே ஏற்பியில் உட்கார்ந்ததும், ஏற்பியின் உட்பக்கம் பாஸ்பேட் ஒட்டும் நொதியாக விழித்துக்கொள்கிறது. அது ஐ.ஆர்.எஸ். என்ற புரதத்துக்குச் செய்தி கொடுக்கிறது, அங்கிருந்து பி.ஐ.3 கைனேஸ், பிறகு ஏ.கே.டி. என்று சங்கிலியாகப் போய், கடைசியில் பைகள் கிளம்பி வந்து சவ்வோடு ஒட்டுகின்றன. குளூட்-4 வெளியே தலை நீட்டுகிறது, சர்க்கரை உள்ளே போகிறது. தசைக்குள்ளும் ஈரலுக்குள்ளும் கொழுப்பின் இடைப்பொருட்கள் தேங்கினால், இந்தச் சங்கிலியின் தொடக்கத்திலேயே, ஐ.ஆர்.எஸ். அருகே, செய்தி மங்குகிறது. டாக்டர் சொன்ன ரெசிஸ்டன்ஸ் இதுதான். கணையம் கூடுதல் இன்சுலின் சுரந்து ஈடுகட்டப் பார்க்கிறது, சில ஆண்டுகளில் களைத்துப்போகிறது.

நடக்கும்போது தசை சுருங்குகிறது. கால்சியம் வெளியாகிறது, ஏ.டி.பி. என்ற செல்லின் எரிபொருள் செலவாகிறது, ஏ.எம்.பி.கே. என்ற நொதி விழித்து அதே பைகளை வேறு வழியாகத் தள்ளிவிடுகிறது. இதற்கு இன்சுலின் ஏற்பி தேவையே இல்லை. ஆகவே அடைத்த வழியைச் சுற்றிக்கொண்டு சர்க்கரை உள்ளே போகிறது.

எப்போது நடப்பது? சாப்பிட்ட பிறகு ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் சர்க்கரை உச்சத்துக்கு வரும். எழுந்து கை கழுவிய கால் மணி நேரத்துக்குள் தொடங்கி 15 நிமிடம் நடந்தால் அந்த உச்சம் மழுங்கும். இரவில் ஒரு தட்டு அத்தோவோ பரோட்டாவோ சாப்பிட்டுவிட்டுப் படுப்பவர்களுக்கு இந்தப் பதினைந்து நிமிடம் காலை நடையைவிடப் பெரிய உதவி. உடற்பயிற்சியால் இன்சுலினுக்குக் கூடும் மரியாதை ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள்தான் நிற்கும். ஞாயிறு மட்டும் மெரினா வரை நடந்துவிட்டு வாரம் முழுக்க உட்கார்ந்தால் பயன் தங்காது.

இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்கள் சட்டைப்பையில் சர்க்கரை வைத்துக்கொள்ளுங்கள். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்து அளவு 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்காலில் நடக்கவே கூடாது.

தைராய்டு மாத்திரை 50-ல் தொடங்கி 100 ஆகிவிட்டது. தவறாமல் காலையில் போடுகிறேன், டி.எஸ்.ஹெச். இன்னும் 11. நாங்கள் வாரத்தில் நாலு நாள் கடல் மீன் சாப்பிடுகிறவர்கள், அயோடின் உப்புதான் போடுகிறோம். எனக்கு எப்படி இது வந்தது?
— குடும்பத் தலைவி, பழைய வண்ணாரப்பேட்டை

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். அயோடின் போதுமான ஊரில் தைராய்டு குறைவதற்கு முதல் காரணம் உடம்பின் எதிர்ப்புப் படையே சுரப்பியைத் தாக்குவது, ஹாஷிமோட்டோ என்பார்கள். ஆன்டி டி.பி.ஓ. சோதனையில் தெரியும். அதற்கும் வஞ்சிரத்துக்கும் சம்பந்தமில்லை. மீனை நிறுத்தவும் வேண்டாம், 'தைராய்டுக்கு நல்லது' என்று விற்கும் கடற்பாசி மாத்திரையை வாங்கவும் வேண்டாம். அளவு மீறிய அயோடின் இந்த நோயைக் கிளறிவிடும்.

இனி மாத்திரை. டி.எஸ்.ஹெச். என்பது மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டைச் சுரக்கச் சொல்லி அனுப்பும் ஹார்மோன்; தைராய்டு போதாவிட்டால் அது ஏறும். போட்டீர்களா என்பதைவிட, எதோடு போட்டீர்கள் என்பதுதான் முக்கியம். லெவோதைராக்சின் சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது, வெறும் வயிற்றிலும்கூட முழுவதும் ஏறாது, சுமார் 70 முதல் 80 சதவீதம்தான். காபி, பால் கலந்த டீ அதைக் குறைக்கும். கால்சியமும் இரும்புச்சத்தும் குடலிலேயே அதைக் கட்டிப் போட்டுவிடும். தினமும் போடும் கேஸ் மாத்திரை வயிற்று அமிலத்தைக் குறைப்பதால் மாத்திரை சரியாகக் கரையாது. உங்கள் காலை எப்படிப் போகிறது என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள்: எழுந்ததும் தைராய்டு மாத்திரை, கூடவே கேஸ் மாத்திரை, அஞ்சு நிமிடத்தில் டீ, இட்லி முடிந்ததும் கால்சியம் என்று போனால் 150 ஆக்கினாலும் டி.எஸ்.ஹெச். இறங்காது.

செய்ய வேண்டியது: பல் துலக்கியதும் தண்ணீரில் மட்டும் மாத்திரை. அதன் பிறகு குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் டீயும் இல்லை, டிபனும் இல்லை. கால்சியம், இரும்பு இரண்டும் நான்கு மணி நேரம் தள்ளி. காலை டீயை விட முடியாது என்பவர்கள் இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம், அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது. எந்த நேரமானாலும் தினமும் அதே நேரம்.

பாட்டிலையும் பாருங்கள். நூறு மாத்திரை பாட்டிலின் மூடியைத் திறந்து வைத்தாலோ, ஈரக் கையால் எடுத்தாலோ, சமையலறை அலமாரியில் அடுப்புக்கு மேலே வைத்தாலோ மாத்திரை வீரியம் இழக்கும். வெளிச்சம், சூடு, ஈரம் மூன்றும் ஆகாது. உள்ளே உள்ள சிலிக்கா பொட்டலத்தை எறியாதீர்கள். நிறம் மாறினால் அந்த பாட்டில் வேண்டாம்.

மாற்றிய பிறகு அடுத்த வாரமே ரத்தம் கொடுத்து ஏமாறாதீர்கள். மாத்திரையில் இருப்பது டி4, நான்கு அயோடின் அணுக்கள். செல்லுக்குள் செலினியம் கொண்ட ஒரு நொதி அதில் ஒன்றைக் கழற்றி டி3 ஆக்குகிறது, அதுதான் உட்கருவில் டி.என்.ஏ. மீது ஏற்கெனவே காத்திருக்கும் ஏற்பியில் உட்காருகிறது. அதுவரை மரபணுவை மூடி வைத்திருந்த புரதங்கள் விலகி, திறந்துவிடும் புரதங்கள் வந்து சேர்கின்றன. டி4 ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும். அளவு ஒரு நிலைக்கு வந்து, பிட்யூட்டரி அதை உணர்ந்து டி.எஸ்.ஹெச்.சைச் சரிசெய்ய ஆறிலிருந்து எட்டு வாரம். அதற்கு முன் எடுக்கும் சோதனை பாதி வழியில் எடுத்த படம்.

11 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். டி4 இரண்டு மடங்கு மாறினால் டி.எஸ்.ஹெச். சுமார் நூறு மடங்கு மாறக்கூடியது. பிட்யூட்டரி அவ்வளவு கூர்மையானது. ஆகவே 11 என்றால் உடம்பில் தைராய்டு பல மடங்கு குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை, கொஞ்சம் போதவில்லை என்று அர்த்தம்.

முடி உதிர்கிறது என்று பயோட்டின் மாத்திரை போடுகிறீர்களா? பல ஆய்வகக் கருவிகள் பயோட்டினைப் பயன்படுத்தித்தான் அளக்கின்றன. ரத்தத்தில் அது நிறைய இருந்தால் டி.எஸ்.ஹெச். பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாகக் கூடியும் காட்டும். சோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். சோதனையன்று ரத்தம் கொடுத்த பிறகு தைராய்டு மாத்திரை போடுங்கள்.

கர்ப்பப் பரிசோதனைக்குப் போனபோது சாப்பிட்டுவிட்டுப் போனேன். அப்படியே குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து ரத்தம் எடுத்தார்கள். 152 என்கிறார்கள். வெறும் வயிற்றில் எடுக்காதது செல்லுமா?
— ஏழாம் மாதக் கர்ப்பிணி, ராயபுரம்

செல்லும். நம் நாட்டு அரசு வழிகாட்டுதல் அதுதான். சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸை சுமார் 300 மில்லி தண்ணீரில் கரைத்து ஐந்திலிருந்து பத்து நிமிடத்துக்குள் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. குடித்து அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மட்டும் மறுநாள் திரும்பச் செய்ய வேண்டும்.

இது நீங்கள் இனிப்பு சாப்பிட்டதால் வந்ததில்லை. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் தசையில் இன்சுலினின் வேலையை வேண்டுமென்றே மந்தமாக்குகின்றன, குழந்தைக்கு நிறைய சர்க்கரை போய்ச் சேரட்டும் என்று. உங்கள் கணையம் அதற்கு ஈடாகச் சுரக்க முடியாதபோது அளவு ஏறுகிறது. குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டும், உங்கள் இன்சுலின் தாண்டாது. அதனால் குழந்தையின் கணையமே கூடுதலாக இன்சுலின் சுரக்கிறது, குழந்தை பெருக்கிறது. தொப்புள்கொடி அறுத்த கணத்தில் சர்க்கரை வரத்து நின்றுவிடும், குழந்தையின் இன்சுலின் மட்டும் அப்படியே இருக்கும். பிறந்த முதல் மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுத்து, குழந்தையின் சர்க்கரையைப் பார்ப்பது இதற்காகத்தான். பிரசவத்தின்போது உங்களுடன் இருப்பவரிடம் இதை இப்போதே சொல்லி வையுங்கள்.

முதலில் இரண்டு வாரம் உணவு முறை. சோற்றைக் குறைத்துச் சுண்டல், முட்டை, மீன், கீரையைக் கூட்டி, மூன்று வேளையை ஆறாகப் பிரிப்பது. சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழே வராவிட்டால் மருந்து. பிரசவமாகி ஆறு வாரத்தில் ஒரு சோதனை கட்டாயம், அப்போது வெறும் வயிற்றில்.

மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த கிரீம் தடவினேன், ஒரு மாதத்தில் முகம் வெளுத்தது. விட்டதும் எரிச்சல், சிவப்பு, பரு. திரும்பத் தடவினால் சரியாகிறது.
— கல்லூரி மாணவி, வியாசர்பாடி

அது ஸ்டீராய்டு கலந்த கிரீம். டியூபின் பின்பக்கம் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது எழுதியிருக்கும். நம் உடம்பின் கார்டிசாலைப் போலவே இவை தோல் செல்லுக்குள் நுழைந்து, அங்கே துணைப் புரதங்கள் தாங்கிப் பிடித்திருக்கும் ஏற்பியில் உட்கார்ந்து, அதை இழுத்துக்கொண்டு உட்கருவுக்குள் போகின்றன. அழற்சி மரபணுக்கள் அடங்குகின்றன. ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, நீங்கள் பார்த்த 'வெளுப்பு' பெரும்பாலும் அதுதான். கூடவே கொலாஜன் உற்பத்தியும் அடங்குவதால் தோல் மெலிகிறது. நிறுத்தியதும் சுருங்கிய குழாய்கள் ஒரேயடியாக விரிகின்றன, அந்த எரிச்சல் அதனால். திரும்பத் தடவினால் அடங்குவது குணமாவதில்லை, வட்டம் தொடர்கிறது.

தோல் மருத்துவரிடம் டியூபோடு போங்கள். வீரியம் குறைந்த களிம்புக்கு மாற்றிப் படிப்படியாக நிறுத்துவார். முகம் தெளிய வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். அந்த நாட்களில் எலுமிச்சை, ஸ்க்ரப், பிளீச் எதுவும் வேண்டாம். படர்தாமரைக்கும் இதே கிரீமைத் தடவுவது இன்னொரு கொடுமை: அரிப்பு அடங்கும், பூஞ்சை அடியில் பரவும். 2018 முதல் பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று விதி இருக்கிறது. கேட்காமலே எடுத்துக் கொடுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மூன்று வாரத்துக்கு மேல் போட்டால் உங்கள் அட்ரினல் சுரப்பி வேலையை நிறுத்தித் தூங்கியிருக்கும். திடீரென்று விட்டால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு வரும். குறைப்பதை மருத்துவர்தான் செய்ய வேண்டும்.

இருமலுக்கு அதிமதுரக் கஷாயம் மூன்று மாதமாகக் குடிக்கிறேன். மாத்திரை போட்டும் பி.பி. 170-க்கு ஏறிவிட்டது, கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. சம்பந்தம் உண்டா?
— ஓய்வு பெற்ற துறைமுக ஊழியர், திருவொற்றியூர்

உண்டு, ஐயா. சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்து வைக்கும் ஏற்பி, ஆல்டோஸ்டிரோன் என்ற அட்ரினல் ஹார்மோனுக்கானது. ஆனால் கார்டிசாலும் அதில் அப்படியே பொருந்தும், அதுவும் ரத்தத்தில் பல மடங்கு அதிகம். அந்தச் செல்லில் ஒரு நொதி காவலுக்கு நின்று, வரும் கார்டிசாலையெல்லாம் கார்டிசோனாக மாற்றி விலக்கிவிடுகிறது. அதிமதுரத்தின் கிளிசிரைசின் உடம்பில் மாறி அந்த நொதியைத் தடுக்கிறது. காவல் போனதும் கார்டிசால் ஏற்பியில் ஏறி உட்காருகிறது: உப்பும் நீரும் தேங்கும், பொட்டாசியம் சிறுநீரில் போகும். பி.பி.யும் கெண்டைக்கால் பிடிப்பும் ஒரே கதை. நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்தால் பொட்டாசியம் இன்னும் இறங்கும், இதயத் துடிப்பே தடுமாறும்.

ஐந்து கிராம் வேரிலேயே 100 மில்லிகிராமுக்கு மேல் கிளிசிரைசின் இருக்கக்கூடும். தினமும் மாதக்கணக்கில் குடிக்கிற பொருள் இல்லை அது. இன்றே நிறுத்திவிட்டு, இந்த வாரமே பொட்டாசியம் சோதனையும் இ.சி.ஜி.யும் எடுங்கள். நொதி பழையபடி வேலை செய்யச் சில வாரம் ஆகும், அதுவரை பி.பி.யை வீட்டில் எழுதி வாருங்கள். மூன்று மாத இருமலுக்குச் சளிப் பரிசோதனை தனியாகத் தேவை.

வைட்டமின் டி பாக்கெட் தினமும் ஒன்று என்று நினைத்து 20 நாள் சாப்பிட்டுவிட்டார் அம்மா. வாரம் ஒன்றுதானாம். இப்போது வாந்தி, மலச்சிக்கல்.
— வாசகர், கொடுங்கையூர்

தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், ரத்தத்தில் கால்சியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும். ஒரு பாக்கெட் 60,000 யூனிட். 20 நாளில் 12 லட்சம் ஆகிறது. வைட்டமின் என்று பெயர் இருந்தாலும் அது ஹார்மோனின் மூலப்பொருள்: ஈரலிலும் பிறகு சிறுநீரகத்திலும் மாறி, குடல் செல்லின் டி.என்.ஏ.வைத் தொட்டு, கால்சியத்தை இழுக்கும் புரதங்களைப் பெருக்குகிறது. கால்சியம் மிஞ்சினால் வாந்தி, மலச்சிக்கல், அதிகமாகச் சிறுநீர், குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு என்று போகும். கொழுப்பில் தேங்கும் பொருள் என்பதால் இன்று நிறுத்தினாலும் வாரக்கணக்கில் வேலை செய்துகொண்டே இருக்கும். ஆகவே ஒருமுறை சரியாக இருந்தால் போதாது, மருத்துவர் சொல்லும் நாட்களில் திரும்பத் திரும்பக் கால்சியம் பாருங்கள். கால்சியம் மாத்திரையை இப்போதே நிறுத்துங்கள். இதயம் தாங்கும் என்று மருத்துவர் சொன்னால் தண்ணீர் நிறையக் கொடுங்கள்.

வாரம் ஒருமுறைப் பாக்கெட்டை வாங்கிய அன்றே ஒவ்வொன்றின் மேலும் 'ஞாயிறு' என்றும் தேதியும் எழுதி, தினசரி மாத்திரை டப்பாவிலிருந்து தனியாக வையுங்கள்.